கடைசி மூக்கு

அந்தக் கேம் ஷாஃப்டு மலையிலிருந்து மறுபடியும் இறங்கி வந்த நேரத்தில் ஒச்சப்பன் பட்டறையில் வேறு ஆட்கள் நிற்காமல் இருந்திருந்தால் இத்தனை வம்பு வந்திருக்காது. புருஷனும் பெண்டாட்டியும் கூடக் குறைய ரெண்டு வார்த்தை பேசி, சாயங்கால டீக்கு முன்னால் சரியாகியிருப்பார்கள். ஆனால் அன்றைக்குப் பார்த்து சிலமலை டிராக்டர்காரர் ஒருவரும், தேவாரத்திலிருந்து கிணற்று எஞ்சின் சாமான் கொண்டுவந்த இரண்டு பேரும் நிழலுக்கு ஒதுங்கி நின்றார்கள். பார்க்க ஆள் இருந்தால் ஒச்சப்பனுக்கு நாக்கு கொஞ்சம் நீண்டுவிடும்.

தவசி சாக்கைப் பிரித்துத் தண்டை பெஞ்சின் மேல் வைத்தான். போடிமெட்டுக்கு மேலே அவன் அம்மா சுருளியம்மாளுக்குச் சின்னதாய் ஓர் ஏலக்காடு. கோடையில் செடிக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினின் உறுப்பு இது.

"அண்ணே, மறுபடியும் அதே எடந்தான்" என்றான்.

எஞ்சினுக்குள் சுற்றும் இரும்புத் தண்டு அது. முட்டை வடிவத்தில் அதில் அங்கங்கே புடைப்புகள் இருக்கும். அந்தப் பட்டறையில் அதை மூக்கு என்பார்கள். மூக்கு சுற்றி வந்து முட்டினால் வால்வு திறக்கும், விலகினால் மூடும். மூக்கு தேய்ந்த எஞ்சின் கரும்புகை கக்கும், மூச்சு வாங்கும், ஒருநாள் படுத்துவிடும். தேய்ந்த மூக்கின் மேல் வெல்டு வைத்து மேடாக்குவது பெண்டாட்டி காளீஸ்வரியின் வேலை. அந்த மேட்டைச் சாணைக் கல்லில் கொடுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது ஒச்சப்பனின் வேலை. நாலு மூக்கில் கடைசி மூக்கு மட்டும் சப்பையாகத் தேய்ந்திருந்தது. போன வருஷமும் அதுதான், மாசி மாதத்திலும் அதுதான்.

ஒச்சப்பன் கட்டை விரலால் அதைத் தடவினார். டிராக்டர்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, நிக்கலையா?"

"கிரைண்டிங்ல ஒரு நூல் பெசகு இருக்காதுண்ணே. மாஸ்டர் பீஸு வச்சுல்ல ஓட்டுறேன். வெல்டுதான் நிக்க மாட்டேங்குது." ஒச்சப்பன் சொல்லிவிட்டு, போதாதென்று இன்னொன்றையும் சொன்னார். "பொம்பளக் கை. எம்புட்டுத்தான் சொல்லிக் குடுக்கிறது. தேனியில ஒருத்தன் இருக்கான். திங்கக்கெழமை வரச் சொல்லிருக்கேன். இனி வெல்டு சோலி அவன்தான்."

காளீஸ்வரி நாலடி தள்ளி முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒரு டிராக்டர் கொக்கிக்கு வெல்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டது. கேட்காதவள் போலப் பற்றுக்கம்பி தீரும்வரை வைத்து முடித்தாள். முகமூடியைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்ததை அவர்கள் புகையென்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே வெல்டு வைத்த ஆள் திருப்பூருக்குப் போய்விட, ஒரு வாரம் வேலை முடங்கியது. சோறு கொண்டுவந்தவள் சும்மாதானே கிடக்கிறதென்று பற்றுக்கம்பியைக் கையில் எடுத்தாள். யாரும் எடு என்று சொல்லவில்லை. அந்த நீல வெளிச்சத்துக்குள் இரும்பு பாலாடை மாதிரி உருகி ஓடுவதைக் கறுப்புக் கண்ணாடி வழியே ஒரு தடவை பார்த்தவள், அதற்குப் பிறகு சோற்றுவாளியோடு திரும்பி நடக்கிற பெண்ணாக இல்லை. இதை இன்றைக்கு மூன்று பேர் முன்னால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் மனுஷன்.

அவள் பெஞ்சுக்கு வந்து தண்டை வாங்கினாள். டீசலில் முக்கித் துடைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பங்குனி மாதம், இலவங்காய் வெடிக்கிற காலம். போடித் தெருவெல்லாம் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் கையில் வந்து ஒட்டிய பஞ்சை ஊதிவிட்டு மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தவசி, இங்க வா. வெல்டு நிக்கலேன்னா எப்புடி இருக்கும் தெரியுமா? பொருக்கு மாதிரி உதுந்திருக்கும். ஓரத்துல வெடிச்சிருக்கும். இதுல ஒரு பொருக்கு காட்டு பாப்போம்."

"இல்லக்கா. வழுவழுன்னுதான் இருக்கு."

"தேஞ்சிருக்கு. அதும் நீலம் பாஞ்சு தேஞ்சிருக்கு. சூடு ஏறிருக்கு. எண்ணெ இல்லாம ஓட்டுனியா?"

"அய்யோ, அக்கா. ஆத்தா மேல சத்தியமா தெனமும் காலையில அளவுக் கம்பிய உருவிப் பாத்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்றேன். கம்பியில மேக்கோடு வரைக்கும் எண்ணெ நிக்குது. அம்மாட்ட வேணா கேளுங்க."

"மத்த மூணு மூக்கும் கண்ணாடியாட்டம் இருக்கு. இது மட்டும் ஏன் காயுது?"

அவள் கேட்டது தவசியிடம் இல்லை. ஒச்சப்பனிடமும் இல்லை. ஒச்சப்பன் பதில் தெரிந்தவர் மாதிரி கல்லின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மத்தியானமே அவள் வேலையைத் தொடங்கினாள். தண்டைக் கரிநெருப்பில் மெல்லச் சூடேற்றினாள். பச்சை இரும்பில் சட்டென்று வெல்டு வைத்தால் வெடித்துவிடும். சூடு போதுமா என்று பார்க்கத் துணி சோப்பை ஓர் இழுப்பு இழுத்தாள். சோப்புக் கோடு காப்பிப்பொடி நிறத்துக்கு வந்ததும் பற்றுக்கம்பியை வைத்தாள். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம், தண்டு வளைந்துவிடாதபடி மாற்றி மாற்றி. மேடு ஏறியதும் தகரப் பெட்டியில் இருந்த சாம்பலுக்குள் புதைத்தாள். ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர் அடுப்பிலிருந்து வாங்கிவரும் சாம்பல். அதற்குள் விடிய விடியக் கிடந்து அதுவாக ஆற வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் ராத்திரியே டிக் டிக்கென்று கீறல் விடும்.

மறுநாள் ஒச்சப்பன் அதை எடுத்து நிமிர்த்தி, கல்லில் ஏற்றினார். முறைத்துக்கொண்டிருந்தாலும் வேலையில் குறை வைக்கிற ஆளில்லை அவர். மாதிரிக்கு வைத்திருக்கும் மாஸ்டர் பீஸின் மேல் உருளை ஏறி இறங்க, கல் அதே மாதிரி முன்னும் பின்னும் போய் மூக்கைச் செதுக்கியது. பட்டறையில் தண்ணீர் பீய்ச்சும் சத்தமும் கல்லின் சத்தமும்தான். சோறும் பேச்சில்லாமல்தான் போனது. மொச்சைக் குழம்பும் அவித்த முட்டையும். அவர் உப்பு கேட்கவில்லை, அவள் வைக்கவும் இல்லை.

தண்டைச் சாக்கில் சுற்றும்போது காளீஸ்வரி சொன்னாள். "நாளைக்கி இத நானே கொண்டுக்கிட்டுப் போறேன்."

"எங்கிட்டு?"

"மேல. மாட்டி ஓடவிட்டுப் பாத்துட்டு வர்றேன்."

"அங்க போயி என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?"

"தெரிஞ்சா ஏன் போறேன்" என்றாள். மறுபடியும் அடுத்த மாதம் இதே மூக்கு தேய்ந்து வந்தால், இனி தான் பற்றுக்கம்பியைத் தொடப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தேனிக்காரன் வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுப்ப முடியாது. அதைவிடவும் அவளை அரித்தது இன்னொன்று. கம்பியில் எண்ணெய் இருக்கிறது, மூக்கில் இல்லை. அது எப்படி?

சனிக்கிழமை விடியும் முன்னால் காட்டு வேலைக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறினாள். பிச்சைமணியின் ஜீப்பில் இருக்கிற இடத்தைவிட ஆள் கூட. தூக்குவாளிகள் மடியில், தலையில் முண்டாசு, மூலையில் ஒருத்தியின் வெற்றிலைப் பை. சாக்குமூட்டையை அவள் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எதிரே இருந்த செல்லத்தாய் விடவில்லை.

"என்னத்த இப்புடிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வர்ற? வீட்டுக்காரரு எலும்பா?"

"அவரு எலும்பா இருந்தா வளஞ்சிருக்கும்ல. இது வளையாது."

ஜீப்பு முழுக்கச் சிரிப்பு. முந்தல் தாண்டி மலை ஏற ஏற, காற்று காதுக்குள் புகுந்து பேச்சை அடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் பெண்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த வளைவில் மறுபக்கம் சாய்ந்தார்கள். கீழே போடி பஞ்சுமூட்டை அவிழ்த்துக் கொட்டினது போல மூட்டத்துக்குள் கிடந்தது. மேலே குளிர். பட்டறை வெக்கையில் கிடந்தவளுக்கு அந்தக் குளிர் புதுப் புடவை மாதிரி இருந்தது.

சுருளியம்மாள் பாதைக்கே வந்து நின்றாள். ஒடிசலான உடம்பு, ஆண்பிள்ளைச் சட்டை, காலில் அட்டைக்கடிக்குப் புகையிலை தேய்த்த தழும்பு. புருஷன் இறந்த பிறகு தவசியை வைத்துக்கொண்டு காட்டைப் பார்க்கிறவள்.

"நீயா ஆத்தா வெல்டு வைக்கிறது? தவசி சொன்னான், நம்பலை."

"நான்தான்க்கா. நிக்கலேன்னு சொல்றாங்க, அதான் பாக்க வந்தேன்."

"பாரு, நல்லாப் பாரு. செடியெல்லாம் குருத்து சுருண்டு நிக்குது. இன்னும் பத்து நாளு தண்ணி காட்டலேன்னா அடுத்த வருசம் காய்க்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது. மொதல்ல கட்டன் டீ குடி."

ஒற்றையடிப் பாதையில் ஏலச்செடிகளுக்கு நடுவே ஏறினார்கள். முதலில் வீடு. செம்மண் பூசிய சுவர், தகரக் கூரை. பின்சுவரில் புதுசாய் மண் அப்பிய பட்டை ஒன்று ஈரம் காயாமல் இருந்தது. வீட்டுக்கு நேர் மேலே எஞ்சின் ஷெட்டு. அதற்கும் மேலே நீலப் படுதா விரித்த குளம். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரைத் திருப்பி நிரப்பிவைத்து, கோடையில் அதிலிருந்து எடுத்து மேல்காட்டுச் செடிகளுக்கெல்லாம் ஏற்றுவார்கள்.

எஞ்சின் சிமெண்டு மேடையில் நல்ல கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ஷெட்டின் நாலு தூணும் நேர்தான். காளீஸ்வரி சுற்றிச் சுற்றி வந்தாள். தவசியும் அவளும் பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தண்டை உள்ளே ஏற்றினார்கள். அடியில் எண்ணெய் தேங்கும் பள்ளம் இருந்தது. மூக்குகள் சுற்றும்போது அந்த எண்ணெயில் தோய்ந்து எழும். அவ்வளவுதான் ஏற்பாடு, இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை.

"எண்ணெய ஊத்து. கோடு வரைக்கும்."

தவசி ஊற்றினான். கம்பியை உருவிக் காட்டினான். மேல்கோட்டில் எண்ணெய் மினுங்கியது. சத்தியம் பண்ணியவன் பொய் சொல்லவில்லை.

சுருளியம்மாள் பித்தளை டம்ளரில் கட்டனைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்தாள். காளீஸ்வரியின் கையெல்லாம் கிரீஸ்.

"அந்த மேடையில வைங்கக்கா. கையத் தொடச்சிட்டு எடுத்துக்கிறேன்."

சுருளியம்மாள் வைத்தாள். ஒரு பக்கமாகக் கட்டன் வழிந்தது. மேடையில் விழுந்தது நிற்காமல் கோடு போட்டுக்கொண்டு அளவுக் கம்பி செருகியிருக்கிற பக்கம் ஓடியது. காளீஸ்வரி கை துடைக்கிற துணியோடு அப்படியே நின்றாள். டம்ளருக்குள் பார்த்தாள். ஒரு விளிம்பில் கட்டன் வழிகிறது, எதிர் விளிம்பில் ஒரு விரக்கடை பித்தளை தெரிகிறது.

"அக்கா, ஒரு தட்டு கொண்டாங்க. ஈயத்தட்டு, எவர்சில்வர், எதானாலும். கொஞ்சம் தண்ணியும்."

"என்ன ஆத்தா, பூச பண்ணப் போறியா?"

"கொண்டாங்கக்கா, சொல்றேன்."

எவர்சில்வர் தட்டை எஞ்சினின் தலையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் பூராவும் கம்பிப் பக்கம் போய் ஒதுங்கியது. கடைசி மூக்கு இருக்கிற பக்கம் தட்டு காய்ந்து கிடந்தது.

தவசி குனிந்து பார்த்தான். "கோணலா இருக்கா? நேராத்தான அக்கா நிக்குது. ஷெட்டோட ஒத்துப் பாருங்க."

"ஷெட்டும் அதுகூடச் சேந்துல்ல சாஞ்சிருக்கு. தண்ணிக்கு ஷெட்டு தெரியாது." காளீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தவசி, நீ கம்பியப் பாத்த, கம்பியில எண்ணெ இருந்துச்சு. எண்ணெ பூராவும் கம்பிகிட்டத்தான் இருந்துச்சு. அங்கிட்டு அந்தக் கடைசி மூக்கு வெறும் காத்துல சுத்திருக்கு."

மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எல்லாமே சரிவுதான். சாய்ந்து நடப்பார்கள், சாய்ந்து நின்று காய் எடுப்பார்கள், சோற்றுத்தட்டைக்கூடத் தொடையில் சாய்த்துத்தான் வைப்பார்கள். கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்ததை யார் கண்டது.

அவளுக்கு உடனே ஒச்சப்பனிடம் சொல்ல வேண்டும். ஷெட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. குளத்துக்கரையை ஒட்டின பாறையில் ஏறினால் ஒரு கோடு வரும் என்றான் தவசி. ஏறினாள். எடுத்ததுமே அவர் "மாட்டியாச்சா?" என்றார். கல் சத்தம் கேட்கவில்லை. கல்லை நிறுத்திவிட்டுப் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் போல.

"எஞ்சினு சாஞ்சிருக்குங்க. தட்டுல தண்ணி ஊத்திப் பாத்தேன். கடசி மூக்குப் பக்கம் ஒசந்திருக்கு. எண்ணெ அங்கிட்டுப் போகவே இல்ல. என் வெல்டும் இல்ல, உங்க கல்லும் இல்ல."

மன்னிப்பு வருமென்று அவள் காத்திருந்தாள். அது அவர் ஜாதகத்தில் கிடையாது.

"எம்புட்டுச் சாஞ்சிருக்கு?"

"டம்ளர்ல ஒரு விரக்கடை."

"அம்புட்டா?" அவர் குரல் மாறியது. "மேடை போட்டு எத்தன வருசம்?"

"எட்டுன்னு தவசி சொன்னான்."

"ஆறேழு வருசம் அந்த மூக்கு தேயலையே. அம்புட்டுச் சாஞ்சா மாட்டியிருந்தாங்க? மாட்டுன கொத்தன் ரசமட்டம் வைக்காமயா போட்ருப்பான்?" நிறுத்தி, அவர் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "மொதத் தடவ நாம போட்டது ஒரு கோட பூராவும் ஓடுச்சு. ரெண்டாவது ஒரு மாசம் கூட ஓடல. வெல்டு அதே கம்பி, கல்லு அதே கல்லு. என்னமோ கூடிக்கிட்டே போகுது." பிறகு, மூன்று நாள் கழித்து முதல் தடவையாகப் பெயரைச் சொன்னார். "காளி, அது சாஞ்சு நிக்கல. சாஞ்சுக்கிட்டே இருக்கு. மேல கொளம் இருக்குன்னு தவசி சொல்வானே, அதப் பாரு."

அவள் பாறையில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும், அதில் கோணல் கிடையாது. குளத்தின் மலைப்பக்கக் கரையில் நீலப் படுதா ஒரு முழத்துக்கு மேல் காய்ந்து, பாசி பிடித்த கோடு தெரிந்தது. ஷெட்டுப் பக்கக் கரையில் தண்ணீர் விளிம்போடு விளிம்பாகத் தளும்பிக்கொண்டிருந்தது. டம்ளரில் கட்டன் நின்ற மாதிரியேதான்.

"அக்கா, இந்தக் கொளம் முன்னாடியும் இப்புடித்தான் நிக்குமா?"

சுருளியம்மாள் கரையோரம் வந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "முன்னாடியெல்லாம் நெறைய ரொம்ப நாளாகும் ஆத்தா. ரெண்டு வருசமாத்தான் வெரசா நெறைஞ்சு, கரை முட்டி நிக்குது. போன வருசம் குலசாமிக்கு இதுக்காகவே பொங்க வச்சேன். கொளம் கொறையாம வச்சிருக்கியே தாயின்னு."

குளம் நிறையவில்லை, கரை இறங்கியிருக்கிறது. தவசிக்கு முதலில் புரிந்தது. அவன் கீழே வீட்டுக் கூரையைப் பார்த்தான், குளத்தைப் பார்த்தான், மறுபடியும் கூரையைப் பார்த்தான்.

மத்தியானம் சாய்வதற்குள் ஒச்சப்பன் பைக்கில் வந்துவிட்டார். மடியில் ரசமட்டம், பையில் இரும்புத் தகடுகள். வந்தவர் யாரிடமும் நலம் கேட்கவில்லை. ரசமட்டத்தை மேடையில் வைத்து, தூணில் வைத்து, கரையில் கிடந்த சட்டத்தில் வைத்துப் பார்த்தார். குமிழி ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. அவருக்கு இந்த மாதிரி விஷயத்தில் சின்னப்பிள்ளை ஆசை உண்டு. வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு கீழே இருக்கிற வீட்டைப் பார்த்ததும் அந்த ஆசை முகத்திலிருந்து போய்விட்டது.

"அம்மா, இந்தக் கொளத்த வத்த வைக்கணும்" என்றார் சுருளியம்மாளிடம். "படுதாவுக்கு அடியில எங்கயோ கசியுது. மண்ணு ஊறி எறங்குது. கோட மழ ஒண்ணு அடிச்சு இது மேல நெறைஞ்சா தாங்காது."

"பங்குனியில கொளத்த வத்த வைக்கவா? நீங்க என்ன பேசுறீங்க?" சுருளியம்மாள் குரல் உயரவில்லை. "இந்தத் தண்ணிதான் சித்திர வரைக்கும். இதத் தொறந்துவிட்டுட்டு, காஞ்ச செடிக்கு நான் கண்ணீரையா ஊத்துறது? ஒரு பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு. மலையில இருந்தா மண்ணு எறங்கத்தான் செய்யும்."

"வீடு கீழ இருக்கேம்மா."

"வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

காளீஸ்வரி தட்டை எடுத்து, அதிலிருந்த தண்ணீரைப் பக்கத்துச் செடியின் தூரில் ஊற்றினாள். வீணாக்க வேண்டாமென்று ஊற்றினாளே தவிர வேறு எண்ணமில்லை. ஊற்றியபிறகுதான் தோன்றியது.

"அக்கா, தொறந்துவிட வேணாம். பூராத்தையும் செடிக்கே எறைச்சிருவோம். எல்லாச் செடிக்கும், தூரு முங்க முங்க. ஒரே மூச்சுல. கொஞ்ச நாளாச்சும் தாங்கும்ல. அதுக்குள்ள ஓடையில கொழா போட முடியுமான்னு பாக்கலாம்."

"எஞ்சினு ஓடணுமே ஆத்தா."

"ஓடும்" என்றாள் காளீஸ்வரி. சொல்லிவிட்டு, ஓடாவிட்டால் என்ன என்று எஞ்சினைப் பார்த்தாள். மூன்று நாளாக அவள் மனசுக்குள் சொன்னதெல்லாம் இப்போது இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரு மூக்கின் மேல் வந்து நின்றது.

ஒச்சப்பனும் தவசியும் கடப்பாரை போட்டு எஞ்சினின் சட்டத்தைத் தூக்க, காளீஸ்வரி அடியில் தகடுகளைக் கொடுத்தாள். குமிழி நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்தது. மட்டமாக நின்ற எஞ்சின் அந்தச் சாய்ந்த ஷெட்டுக்குள் கோணலாகத் தெரிந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள், நாலு மூக்கும் எண்ணெயைத் தொட்டுக்கொண்டிருந்தன. தவசி கைப்பிடியைச் சுழற்றினான். இரண்டு முறை இருமி, கரும்புகை விட்டு, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ஹோஸில் தண்ணீர் ஏறியது.

தவசி மேல்காட்டில் ஹோஸை வரிசை வரிசையாக மாற்றினான். சுருளியம்மாள் செடிக்குச் செடி தூரில் மண்ணைக் காலால் அணைத்துக்கொண்டே போனாள். ஒச்சப்பன் எஞ்சின் பக்கத்தில் கல்லின் மேல் குந்தி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். காளீஸ்வரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டும் ஒன்றுபோல விழுந்தது.

"திங்கக்கெழமை தேனிக்காரரு எத்தன மணிக்கு வர்றாரு?" என்று கேட்டாள், வேண்டுமென்றே.

"வர மாட்டான்."

"ஏன்?"

"வர வேணாம்னு சொல்லிட்டேன்."

"நான் போன் பண்ணதும் சொன்னீங்களாக்கும்."

"நீ ஜீப்பு ஏறுனதுமே சொல்லிட்டேன்." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "வெல்டு சரியில்லாதவ எவளாச்சும் அந்தக் குளிர்ல மலை ஏறுவாளா?"

காளீஸ்வரிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "இத அந்த டிராக்டர்காரரு முன்னால சொல்லணும். மூணு பேரு முன்னால சொன்னதுக்கு மூணு பேரு முன்னால."

"சொல்றேன்."

"தொட்டுக்காம முழுங்குற மாதிரி சொல்லக் கூடாது."

"சொல்றேன்னு சொல்றேன்ல."

பொழுது சாயும்வரை ஓடியது. அன்று இரவு சுருளியம்மாளும் தவசியும் இவர்களும் அடுத்த காட்டு சுஜாதா வீட்டில் படுத்தார்கள். கஞ்சியும் கருவாட்டுத் துவையலும். குளத்தில் இன்னும் தண்ணீர் கிடந்ததால் அந்த வீட்டில் படுக்கப் பயம். காலையில் மறுபடியும் எஞ்சினை எடுத்தார்கள். வெயில் ஏறும் நேரத்துக்குக் குழாய் காற்றை உறிஞ்சி குரட்டை விட்டது. ஒச்சப்பன் எஞ்சினை நிறுத்தினார். மலையில் திடீரென்று குருவிச் சத்தம் கேட்டது.

குளத்தின் அடியில் சேறு படிந்த படுதா வெற்றுடம்பு போலக் கிடந்தது. ஷெட்டுப் பக்க மூலையில் அது தைத்த மடிப்போடு கிழிந்திருந்தது. தவசி இறங்கிக் கிழிசலை விலக்கினான். அடியில் மண் பிளந்திருந்தது. கை நுழைகிற அகலம். பக்கத்தில் கிடந்த மூங்கில் கழியை உள்ளே விட்டான். கழி பாதிக்கு மேல் போயும் எதிலும் முட்டவில்லை.

காளீஸ்வரி கரையில் நின்று அந்தப் பிளவின் போக்கைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். கரைக்கு வெளியே புல்லுக்குள் அது மெல்லிய கோடாக இறங்கி, ஷெட்டை ஒட்டிப் போய், வீட்டுப் பின்சுவரில் விரிசலை மூட மண் அப்பி ஈரம் காயாமலிருந்த இடத்தில் முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அடுப்படி. நேற்று கட்டன் அங்கேயிருந்துதான் வந்தது.

"வெல்டு அவளோடதும்மா" என்று ஒச்சப்பன் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார், சுருளியம்மாளிடம், தவசியிடம், சத்தமாக. "எண்ணெ மட்டும் இருந்தா எம்புட்டு வருசமானாலும் அந்த மூக்கு தேயாது. குத்தம் எங்க மேல இல்ல."

மூன்று நாளாக அவள் கேட்கத் தவித்த சொல். வாழ்க்கையில் முதல் தடவையாக அது அவளுக்கு வேண்டாமென்று இருந்தது. என் கை சரியில்லாமல் போயிருக்கலாமே, என் வெல்டு உதிர்ந்திருக்கலாமே, தேனிக்காரன் வந்து உட்கார்ந்திருக்கலாமே, இந்த வீடு இருந்திருக்குமே என்று நினைத்தாள். நினைத்து அழுதாள். இந்தத் தடவை முகமூடி இல்லை, புகையும் இல்லை.

சுருளியம்மாள் அந்தப் பிளவை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கீழே இறங்கி வீட்டுக்குள் போனாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் வாசலில் ஒரு கயிற்றுக்கட்டிலின் தலைப்பக்கம் மட்டும் வெளியே வந்து நிலையில் இடித்து நின்றது.

"ஏ ஆத்தா, அழுதது போதும். வெரசா வா. இந்தக் கட்டில ஒத்தையில தூக்க முடியல."

காளீஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய், கட்டிலின் இந்தப் பக்கத்தைப் பிடித்தாள்.